தொட்டியா, தரையா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். டொரொண்டோவில் இருக்கிறேன். ஒன்டாரியோவில் வீட்டுக்கு 4 கஞ்சாச் செடி வரை சட்டப்படி வளர்க்கலாம்தானே, இந்த முறை இரண்டு மட்டும் பின்வளவில் வைக்கப் போகிறேன். (அம்மாவிடம் தக்காளி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.)

எங்கள் மண் சுத்தக் களி. மழைக்குச் சப்பாத்தோடு ஒட்டிக்கொண்டு வரும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். போன வருஷம் கத்தரி வேர் அழுகியே செத்தது. அதனால் 40 லீட்டர் துணித் தொட்டி வாங்க யோசனை. இலையுதிர் காலத்தில் உறைபனி வந்தால் கராஜுக்குள் இழுத்து வைக்கலாம். ஆனால் ஜூலை வெயிலில் தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடுமே, எனக்கோ இரவு வேலை.

களிமண்ணில் கொம்போஸ்ட் கலந்து மேட்டுப் பாத்தி போட்டவர்கள் இருக்கிறீர்களா? தண்ணீர் நின்றதா, வடிந்ததா? மே மாதம் வரும் விக்டோரியா டே விடுமுறைக்கு முன்னம் முடிவெடுக்க வேண்டும்.