ரிக்கிங்: 'மூட்டல்' என்று சொன்னால் என்ன?

அண்ணாச்சி, கணினி அனிமேஷனில் பொம்மைக்குள் எலும்பும் பிடியும் வைத்து அசைக்கத் தயார்செய்கிற வேலைக்கு ரிக்கிங் என்று பெயர். அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'எலும்புக்கூடமைப்பு' எனக்கு ஒட்டவில்லை. பொருள் தப்பில்லை, ஆனால் எலும்பு வைப்பது அந்த வேலையில் பாதிகூட இல்லை.

அண்ணன் மகள் நாகர்கோவிலில் ரயிலேறித் திருவனந்தபுரம் போய் அனிமேஷன் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியில் ஒரு சிறுவன் பொம்மையைக் காட்டினாள். எலும்பெல்லாம் உள்ளே சரியாக இருக்கிறது, முழங்கையை மடக்கினால் மட்டும் ரப்பர் குழாயை மடக்கினதுபோல் அந்த இடம் நசுங்கிப் போகிறது. எந்த எலும்பு அசைந்தால் தோலில் எந்தப் பகுதி எவ்வளவு கூட வர வேண்டும் என்று வண்ணம் பூசிப் பூசிச் சரிசெய்தாள், அதற்கே சாயங்காலம் ஆகிவிட்டது. அப்புறம் கை, இடுப்பு, புருவம் என்று வளையம் வளையமாகப் பிடிகள் வைத்தாள். பொம்மையை நடக்க வைப்பவர் எலும்பைத் தொடுவதே இல்லை, பிடியைத்தான் இழுக்கிறார்.

தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கையைத் தனித்துண்டாக வெட்டி, நூலால் கோத்து, குச்சி வைத்து ஆட்டுவதும் இதே வேலைதான்.

அதனால்தான் 'மூட்டல்' என்கிறேன். முதலில் 'மூட்டுக்கட்டு' என்று நினைத்தேன், வைத்தியசாலையில் எண்ணெய் போட்டுக் கட்டுகிற கட்டு ஞாபகம் வந்ததால் விட்டுவிட்டேன். முகத்தில் மூட்டு ஏது என்று கேட்பீர்கள். மூட்டு என்பது வினையும்கூட. கடையில் சாரம் (கைலி) எடுத்தால் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்து மூட்டித் தரச் சொல்கிறோமே, அந்த மூட்டு. புருவத்தையும் உதட்டையும் பிடியோடு சேர்த்துவிடுவது முகமூட்டல். செய்பவர் மூட்டுநர், கன்ட்ரோலர் 'பிடி'. வேறு சொற்களோடும் சுலபமாகச் சேரும்.

இந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்றால், அனிமேஷன் தொடர்களின் பொருளாதாரமே இதில் இருக்கிறது. கையால் வரைந்த காலத்தில் ஒவ்வோர் அசைவையும் புதிதாக வரைய வேண்டும், மூட்டி வைத்த பொம்மையோ தொடரின் எல்லாப் பகுதிகளிலும் நடிக்கும். 1956ல் மும்பையில் பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவு தொடங்கியதில் இருந்து பார்த்தால், இந்திய அனிமேஷன் பெரிதாக வளர்ந்தது வெளிநாட்டு ஆர்டர்களால்தான். பக்கத்தில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் டூன்ஸ் என்ற அனிமேஷன் நிறுவனம் வந்தது 1999ல். ஆர்டர் வேலையில் பொம்மையை எவ்வளவு நன்றாக மூட்டினாலும் பாத்திரத்தின் உரிமை பெரும்பாலும் ஆர்டர் கொடுத்தவருக்கே. 2022 மத்திய பட்ஜெட்டில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைகளுக்கு ஒரு பணிக்குழு அறிவித்தார்கள், நல்லதுதான். ஆனால் நம் கதைகளை நாமே எடுத்து நாமே வைத்துக்கொள்கிற நாள் வரவேண்டும் என்றால், நம் பிள்ளைகள் இந்த வேலையைத் தமிழில் யோசித்துப் பேச முடிய வேண்டும். அண்ணன் மகளிடம் 'மூட்டல்' என்றதும் அவள் அப்பா, அனிமேஷன் பக்கமே போகாதவர், "ஓ, பாவைக்குக் கை கோக்கிற மாதிரியா?" என்று கேட்டார். எலும்புக்கூடமைப்பு என்றிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

சரி, வெயிட் பெயின்டிங் பாக்கி இருக்கிறது, அண்ணன் மகள் வண்ணம் பூசிச் சரிசெய்தாளே, அந்த வேலை. எடைப்பூச்சு கூடவே கூடாது, அங்கே எடை என்று ஒன்றும் இல்லை, எலும்புக்குத் தோலில் எவ்வளவு பங்கு என்பதுதான் கணக்கு. 'பங்குப்பூச்சு' என்று வைத்திருக்கிறேன், இதைவிடப் பொருத்தமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.