எடைச் சீட்டு எண்ணில் இடைவெளியே கூடாதாம்: நிரலாளருக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி (ஆலைத் தரவுத்தளப் பொறுப்பாளர், சுங்கை சிப்புட்)

இங்குள்ள செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் ஆரக்கிள் தரவுத்தளத்தைக் கவனித்து வருகிறேன். குலை ஏற்றி வரும் ஒவ்வொரு லாரிக்கும் எடைமேடையில் அச்சாகும் சீட்டின் எண் ஒரு சீக்வன்ஸிலிருந்து (அடுத்தடுத்த எண்களைத் தானே தரும் தரவுத்தள அமைப்பு) வருகிறது. சென்ற மாத மின்தடைக்குப் பிறகு 4123-ஐ அடுத்து 4141 வந்ததைத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். உடனே நிரலாளர், சீக்வன்ஸை நோகேஷ் (எண்களை முன்கூட்டியே நினைவகத்தில் எடுத்து வைக்காத முறை) ஆக்க வேண்டும் என்றும், ஒவ்வோர் இரவும் டேபிளில் உள்ள மிகப் பெரிய எண்ணுக்கு அடுத்த எண்ணிலிருந்து அதை மீண்டும் தொடங்க வேண்டும் என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். மேலாளரும் பெரிய கிராணியும் (தலைமை எழுத்தர்) அவர் பக்கம் இருப்பதால், காரணம் காட்டாமல் மறுக்க இயலாது. ஆலோசனை வேண்டும்.

மறுமொழி 1

ஆரக்கிள் இயல்பாக 20 எண்களை நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் போனதும் அவற்றில் மீதமிருந்த 17 தொலைந்தன. நோகேஷ் அந்த ஓர் ஓட்டையை மட்டுமே அடைக்கும். சீக்வன்ஸ் தந்த எண் ரோல்பேக் செய்தாலும் (பதிவை முடிக்காமல் பழைய நிலைக்குத் திருப்பினாலும்) திரும்பி வராது என்பதால், பாதியில் கைவிடப்படும் ஒவ்வொரு பதிவும் இடைவெளியை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நோகேஷால் வேகம் குறையும் என்று மட்டும் வாதிடாதீர்கள், ஐயா. லாரி வரத்துக்கு அந்தத் தாமதம் கண்ணில் படாது. நிரலாளர் அதைச் சோதித்துக் காட்டிவிட்டால் உங்கள் நல்ல காரணமும் எடுபடாமல் போகும். போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்துக்கு மாறினாலும் இதே கதைதான்.

மறுமொழி 2

இரண்டாவது கோரிக்கைதான் ஆபத்தானது. எண்ணைப் பெற்றும் இன்னும் கமிட் ஆகாத (உறுதியாகச் சேமிக்கப்படாத) பதிவு அந்த 'மிகப் பெரிய எண்' கணக்கில் தெரியாது. விளைச்சல் மிகுந்த காலத்தில் இரவிலும் லாரிகள் வரும் ஆலையில், அந்த நேரத்தில் சீக்வன்ஸைப் பின்னுக்குத் தள்ளினால் ஒரே எண் இரண்டு லாரிகளுக்குப் போகலாம். ஒரே எண்ணை இருமுறை பதியவிடாத தனித்துவக் கட்டுப்பாடு இருந்தால் ஒரு பதிவு பிழையோடு நிற்கும். இல்லாவிட்டால் சிறுதோட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கும்போதுதான் குழப்பம் வெளிவரும். ஆரக்கிள் 18சி பதிப்பிலிருந்து ஒரே கட்டளையில் சீக்வன்ஸை மீண்டும் தொடங்க முடிவதால், இதில் அபாயமில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

இடைவெளி அறவே கூடாதென்றால் முதன்மைச் சாவியை (ஒவ்வொரு பதிவையும் தரவுத்தளம் அடையாளம் காணும் எண்) சீக்வன்ஸிடமே விட்டுவிட்டு, சீட்டு எண்ணுக்குத் தனி டேபிளில் ஒரு வரி வைத்து, சீட்டைப் பதியும் அதே பரிவர்த்தனையில் (ஒன்றாகச் சேமிக்கப்படும் அல்லது ஒன்றாகக் கைவிடப்படும் செயல்தொகுப்பு) அதில் உள்ள எண்ணை ஒன்று கூட்டுங்கள். ரோல்பேக் ஆனால் எண்ணும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கமிட் ஆகும்வரை அந்த வரி பூட்டப்பட்டிருப்பதால் மற்றோர் எடைமேடை காத்திருக்க வேண்டும். ஆகவே குலையோடு நிறுக்கும்போது எண் கொடுக்காமல், வெறும் லாரியை எடை போட்டுச் சீட்டு அச்சிடும் கணத்தில் கொடுப்பதே சரி.

மறுமொழி 3

அதற்கு முன் தணிக்கையாளரிடமே கேளுங்கள். விடுபட்ட எண்ணுக்கு விளக்கம் இருந்தால் போதும் என்று அவர் சொல்லக்கூடும். எப்படியானாலும், அச்சான சீட்டை ரத்து செய்யும்போது வரியை அழிக்காமல், ரத்து செய்தவர், நேரம், காரணம் ஆகியவற்றோடு அதை வைத்திருங்கள். அழித்தால் எந்த எண்முறையும் உங்களைக் காப்பாற்றாது.

கேட்டவர்

நன்றி. இரண்டு கோரிக்கைகளையும் காரணத்தோடு மறுத்து, தனி டேபிள் முறையை மாற்றாக எழுதுகிறேன். இந்த ஆலையில் ரத்தான சீட்டுகள் இதுவரை அழிக்கப்பட்டே வந்துள்ளன. தணிக்கையாளரிடம் பேசும் முன் சீட்டை அழிக்கும் அனுமதியை இன்றே நீக்கிவிடுகிறேன்.