ஆச்சி வீட்டு குரூப்பில் 140 பீஸ் தூண்டில் பெட்டி

வியாழன்

செந்தில்: (புகைப்படம்)

செந்தில்: பிரபுண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க. சனிக்கிழமை ஆதிய இங்க டெக்சாஸ்ல ரே ராபர்ட்ஸ் ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன். பாஸ் மீன் பிடிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். ஆன்லைன்ல 140 பீஸ் பெட்டி ஒண்ணு வாங்கிட்டேன். இதுல எத எடுத்துட்டுப் போக?

கவிதா: எதையும் எடுத்துட்டுப் போக வேண்டாம்னு சொல்லுங்க அத்தான். முந்தின வாரம் ராட், போன வாரம் ரீல், இப்ப இது. மீன் ஒண்ணுதான் இன்னும் வாங்கல.

முருகேசன் மாமா: மாப்ளே இது என்னது, பிள்ளையளுக்கு வெளையாட்டுச் சாமானா? கலர் கலரா இருக்கு

செந்தில்: பொய் இரை மாமா. மீனுக்கு.

சாந்தா: ஏன்டா, நாலு மண்புழு தோண்டிட்டுப் போனா ஆகாதா?

முருகேசன் மாமா: அமெரிக்கா மீனு மண்புழு திங்காது சாந்தா. அதுக்கு பீசா வேணும்

செந்தில்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கவிதா: நான் பாத்துட்டேன் என்ன விலைன்னு 🙂

பிரபு: இப்பதான் டூட்டி முடிஞ்சு வந்தேன். போட்டோவப் பெருசாக்கிப் பாத்தேன் தம்பி. 140ல முக்காவாசி முள்ளு, வளையம், ஈயக்குண்டு. அதையும் ஒவ்வொண்ணா எண்ணி 140 ஆக்கியிருக்கான்.

பிரபு: மொதல்ல, மூணு முள்ளு சேந்த கொத்து தொங்குற குட்டி மீன் பொம்மையெல்லாம் வீட்லயே வச்சிரு. அந்த ஏரில தண்ணிக்குள்ள மூழ்கின மரம் கொள்ள இருக்கு. கரைல நின்னு வீசினா மீனப் பிடிக்கிறதவிட மரத்தத்தான் பிடிப்ப. அந்தக் கொத்துமுள்ளு பிள்ளை கையில ஏறினா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். நான் வேலை பாக்குற எடத்துல மாசம் ஒண்ணாவது வருது.

முருகேசன் மாமா: பிரபு, அந்த மீனு எப்பிடிப்பட்ட ஜாதி? நம்ம விரால் மாதிரியா கெண்ட மாதிரியா? அதச் சொல்லு மொதல்ல. மீனு தெரியாம இரை எதுக்கு

பிரபு: மாமா கேட்டதுதான் சரியான கேள்வி. குணத்துல விரால்தான் மாமா. ஒளிஞ்சு நின்னு பாயுற ஜாதி. மரக்கட்டை, பாசி, படகுத்துறை நிழல், இப்பிடி எதையாவது ஒட்டி நிக்கும். வாயத் தொறந்தா மேல்தாடை எலும்பு கண்ணத் தாண்டிப் பின்னால போகும், அதான் பெரியவாய் பாஸ்னு பேரு. இரையக் கடிக்காது. வாயச் சட்டுனு தொறந்து தண்ணியோட உறிஞ்சிரும். பிடிக்கலன்னா அதே வேகத்துல துப்பிரும்.

பிரபு: அதனால கலருக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாக்கணும். மீனு எவ்வளவு ஆழத்துல நிக்கு, எதுக்குள்ள நிக்கு. அதுக்குள்ள சிக்காமப் போயி மீன் மூஞ்சி முன்னால விழுற இரை எதுவோ அதான் நல்ல இரை.

முருகேசன் மாமா: விராலுக்கும் அதே கணக்குதான்

செந்தில்: சரிண்ணே, ஆனா இன்னொரு பிரச்சனை. (புகைப்படம்) நேத்து எல்லாத்தையும் ஒரே டப்பாவுல அடுக்கி வச்சேன். காலைல தொறந்து பாத்தா ரப்பர்ப் புழுவெல்லாம் உருகி ஒட்டிக் கெடக்கு. வெயில்லகூட வைக்கல.

கவிதா: அல்வா மாதிரி இருக்கு

பிரபு: ஐயோ. வெயில் இல்லடா, ஜாதிச் சண்டை. மென்மையான இரை பெரும்பாலும் பிளாஸ்டிசால்னு ஒரு பொருள், பிவிசியும் எண்ணெய் மாதிரி மெதுவாக்கியும் கலந்தது. இன்னொரு வகை ஜவ்வா இழுபடும், தண்ணில மிதக்கும், கிழியாது. அது டிபிஇ. ரெண்டும் தொட்டுக்கிட்டுக் கெடந்தா ஒண்ண ஒண்ணு கரைச்சிரும். வாங்கின கவர்லயே தனித்தனியா வைக்கணும். அழகா டப்பால அடுக்குறதெல்லாம் போட்டோவுக்குத்தான்.

செந்தில்: கவர்ல எங்கயும் போடலயே

பிரபு: எல்லாருக்கும் ஒரு டப்பா உருகின பெறகுதான் தெரியும். எனக்கும் அப்பிடித்தான்.

பிரபு: மிச்சம் இருக்குறதுல கட்டையா சுருட்டுமாதிரி அஞ்சு இன்ச் புழு இருக்கா? வாலு, காலு ஒண்ணும் இல்லாம?

செந்தில்: எட்டு இருக்கு. அதான் இருக்கறதுலயே அசிங்கமா இருக்கு. ஆதி வேண்டாம்னு தனியா வச்சிட்டான்.

பிரபு: அந்த அசிங்கம்தான் வேணும். சென்கோன்னு கேரி யமமோட்டோ கம்பெனி கொண்டு வந்த வடிவம், இப்ப எல்லாரும் அச்சடிக்கான். உள்ள உப்பு கலந்திருக்கும். உப்பு ருசியால மீனு துப்பாம வச்சிருக்கும்பாங்க, அது எப்பிடியோ, எடைய நல்லாக் கூட்டுது. ஈயமே இல்லாம வீசலாம். ஒத்த முள்ள சரியா நடு ஒடம்புல குத்து. விழும்போது ரெண்டு முனையும் நடுங்கிக்கிட்டே மெதுவா எறங்கும். நாம ஒண்ணும் பண்ண வேண்டாம்.

செந்தில்: இழுக்க வேண்டாமா?

பிரபு: வேண்டாம். அதான் கஷ்டம். சும்மா நிக்கணும். எறங்குறப்பதான் மீனு எடுக்கும், கைக்குத் தெரியாது. நரம்ப, அதான் தூண்டில் நூல, பாத்துக்கிட்டே இருக்கணும். திடீர்னு பக்கவாட்டுல ஓடுனா, இல்ல அடி சேருறதுக்கு முன்னாடியே தொய்ஞ்சு நின்னா, தொய்வச் சுத்தி எடுத்துட்டு சுண்டு.

கவிதா: பத்து வயசுப் பிள்ளையச் சும்மா நிக்கச் சொல்றீங்க. நாப்பது வயசு ஆளே நிக்க மாட்டாரு.

முருகேசன் மாமா: (குரல் பதிவு 2:10)

சாந்தா: அண்ணே பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. எழுதுங்க.

முருகேசன் மாமா: ஒங்க தாத்தா கூட கன்னடியன் கால்வாய்ல, குளத்துல எல்லாம் விராலுக்குப் போவோம். உயிர்த் தவளைய முள்ளுல கோத்து அல்லி எலைக்கு நடுவுல தத்த விடணும். டப்புன்னு அடிக்கும். அடிச்ச ஒடனே இழுத்தா தவளை மட்டும் வரும். ஒரு வெத்தலைய மடிச்சு வாயில போடுற நேரம் பொறுக்கணும்பாரு எங்க ஐயா. இப்ப அம்பாசமுத்திரம் பயலுக ரப்பர்த் தவளை வச்சு வீசுதானுவ. நாங்க சிரிச்சோம். ரெண்டு கிலோ விரால் எடுத்துட்டுப் போனானுவ

பிரபு: அந்த ரப்பர்த் தவளையே பாசுக்குன்னு இங்க செஞ்சதுதான் மாமா. உள்ள வெத்து. ரெண்டு முள்ளும் முதுகை ஒட்டி மேல பாத்து இருக்கும், அதனால பாசி மேல வழுக்கிட்டு வரும். மீனு கவ்வி அமுக்குனாத்தான் முள்ளு வெளிய வரும். அதான் பொறுக்கணும். வெத்தலை மடிக்கிற நேரம் இங்க கொஞ்சம் கூடுதல், ரெண்டு எண்ணினாப் போதும்.

செந்தில்: பெட்டில தவளை ரெண்டு இருக்குண்ணே!! அதக் கொண்டு போகவா?

பிரபு: வேண்டாம். அதுக்கு வெறப்பான ராடும் 50 பவுண்டு தாங்குற பின்னல் நரம்பும் வேணும். ஒன் மெல்லிசு ராட வச்சு பாசிக்குள்ள இருந்து மீனத் தூக்க முடியாது. தவளையெல்லாம் ஜூன்ல, பாசி மேல ஏறின பெறகு பாத்துக்கலாம்.

வெள்ளி

செந்தில்: அண்ணே, யூடியூப்ல ஒருத்தன் டெக்சாஸ் ரிக்னு காட்டுறான். டெக்சாஸ்லயே இருந்துட்டு அது தெரியலன்னா எப்பிடி?

பிரபு: அது எங்க டைலர் ஊர்க்காரங்க பெருமை. நிக் கிரீம்னு ஒருத்தர், 1949ல ஒஹையோல ஏக்ரன் ஊர்ல, வீட்லயே பிளாஸ்டிக்க உருக்கி மண்புழு வார்த்தவர். இப்ப நீ வாங்குற ரப்பர்ப் புழுவுக்கெல்லாம் அவருதான் பாட்டன். பெறகு டைலர்ல ஃபேக்டரி போட்டாரு. இந்தப் பக்கத்து ஏரியெல்லாம் வெட்டாம விட்ட காட்டுக்குள்ள தண்ணி தேக்கினது. மரத்துல சிக்காம புழு போடணும்னா முள்ளு நுனிய ஒளிக்கணும். அதான் டெக்சாஸ் ரிக்.

பிரபு: நரம்புல மொதல்ல துப்பாக்கித் தோட்டா வடிவ குண்டு, கூர்ப்பக்கம் மேல பாத்து. 3/16 அவுன்ஸ் போதும், சுமார் அஞ்சு கிராம். அப்பறம் கழுத்து வளைஞ்ச 3/0 சைஸ் முள்ளு. புழுத் தலைல கால் இன்ச் ஏத்தி வெளிய எடு, முள்ளத் திருப்பு, கழுத்து வரைக்கும் ஏத்து, பெறகு நுனிய ஒடம்புக்குள்ள ஒளி. புழு நேரா தொங்கணும். கோணலா இருந்தா சுத்திக்கிட்டே வரும், நரம்பு முறுக்கி ஒன் உயிர வாங்கும்.

செந்தில்: முள்ளு உள்ள ஒளிஞ்சிருந்தா மீனுக்கு எப்பிடி ஏறும்?

பிரபு: அதான் இங்க மெதுவா சுண்டக் கூடாது. "டொக்"னு ஒரு தட்டு வரும். ராடக் கீழ எறக்கி, தொய்வ எடுத்து, தோள் வலிக்க ஓங்கி இழு.

செந்தில்: கலர் சொல்லவே இல்ல. பெட்டில பிங்க், ஆரஞ்சு, பாம்பு டிசைன் எல்லாம் இருக்கு.

கவிதா: பிங்க்ல மீன் பிடிச்சா எனக்கு ஒரு போட்டோ

பிரபு: தண்ணில காலு தெரிஞ்சா பூசணிப்பச்சை, கிரீன் பம்ப்கின்னு கவர்ல இருக்கும். கலங்கிக் கெடந்தா கருப்பும் நீலமும். கலங்கின தண்ணில மீனு கலரப் பாக்காது, நிழலைத்தான் பாக்கும், கருப்பு நல்லாத் தெரியும். இந்த ரெண்டு கலர்லயே பத்து வருசமா ஓட்டுறேன். மத்ததெல்லாம் கடைல நம்மளப் பிடிக்கப் போட்ட இரை.

பிரபு: காத்து அடிச்சா மட்டும் ஒரு ஸ்பின்னர்பெய்ட் எடுத்துக்கோ, கம்பில தகடு சுத்துற இரை, வெள்ளை. கம்பி வளைஞ்சு முள்ளுக்கு முன்னால காவல் நிக்கும், மரத்துல மோதி வழுக்கிட்டு வரும். தகடு ரெண்டு ஜாதி: வேப்பெலை மாதிரி நீளமா இருந்தா மின்னும், தெளிஞ்ச தண்ணிக்கு. உருண்டையா இருந்தா தண்ணியத் தட்டும், கலங்கலுக்கு. போதும். பெட்டியப் பூட்டு.

முருகேசன் மாமா: ஒரு விசயம் கேக்கேன். இப்ப அங்க மீனு முட்டை போடுற காலமா?

பிரபு: ஆமா மாமா. ஏப்ரல் பொறந்தாச்சு, தண்ணி 65 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் வந்தாச்சு. கரையோரம் ரெண்டு மூணு அடித் தண்ணில வாலால மண்ணத் தூத்து வட்டமா எடம் பண்ணி வச்சிருக்கும். பொட்டை முட்டைய விட்டுட்டுப் போயிரும். ஆண் மீனு காவல் நிக்கும். அந்த எடத்துல எதப் போட்டாலும் பசியால இல்ல, கோவத்துல கவ்வும்.

முருகேசன் மாமா: அதப் பிடிக்காதீங்கல. குஞ்சோட நிக்க விராலத் தொட்டா எங்க ஐயா செவுட்டுல குடுப்பாரு

பிரபு: இங்கயும் அதுல ரெண்டு கட்சி உண்டு மாமா. நான் பிடிக்க மாட்டேன். மீன மேல எடுத்த கொஞ்ச நேரத்துல புளூகில்னு சின்ன மீனெல்லாம் புகுந்து முட்டையத் தின்னுரும். தம்பி, தெளிஞ்ச வட்டம் தெரிஞ்சா அதத் தாண்டி அடுத்த மரத்துக்கு வீசு.

செந்தில்: சரிண்ணே. லைசென்ஸ்?

பிரபு: ஸ்டேட் பார்க் உள்ள கரைல நின்னா வேண்டாம், நுழைவுக் கட்டணம் மட்டும்தான். பார்க்குக்கு வெளிய போனா ஒனக்கு வேணும், ஆதிக்கு வேண்டாம், 17 வயசு ஆகுற வரைக்கும்.

சாந்தா: எவ்ளோ பெரிய மீனு கெடைக்கும்? குழம்புக்கு ஆகுமா?

பிரபு: எங்க பக்கத்து லேக் ஃபோர்க்ல 1992ல ஒருத்தர் 18.18 பவுண்டு பிடிச்சாரு சித்தி, எட்டு கிலோவுக்கு மேல. இன்னைக்கும் டெக்சாஸ் ரெக்கார்டு அதான். ஒலக ரெக்கார்டு பத்து கிலோ. 1932ல ஜார்ஜியால ஒண்ணு, 2009ல ஜப்பான்ல பிவா ஏரில ஒண்ணு, ரெண்டும் சமம்னு வச்சிருக்காங்க. ஜப்பான்காரர் உயிர் புளூகில் போட்டுத்தான் பிடிச்சாரு.

சாந்தா: பாத்தியா, உயிர் இரைதான்! நான் மண்புழுன்னு சொன்னப்ப யாரு கேட்டீங்க

சனி

செந்தில்: காலை 7 மணில இருந்து நிக்கோம். ஏழு புழு போச்சு. மூணு மரத்துல, நாலு கிழிஞ்சு. மீனு சைபர்.

கவிதா: இப்ப 133 பீஸ்

பிரபு: நடு ஒடம்புல சின்ன ரப்பர் வளையம் மாட்டி அதுக்குள்ள முள்ளக் கோத்தா கிழியாதுன்னு சொல்ல மறந்துட்டேன். மன்னிச்சிரு.

செந்தில்: 😐

பிரபு: கிழிஞ்சதத் தூக்கிப் போட்டியா? தண்ணில மட்டும் போடாத. மீனு முழுங்கினா வயித்துக்குள்ளயே கெடக்கும்.

செந்தில்: பைக்குள்ளதான் இருக்கு.

பிரபு: அதுல ஒண்ண எடுத்து கிழிஞ்ச எடத்தக் கத்தரி. ரெண்டரை இன்ச் மிச்சம் இருக்கும்ல? பெட்டில தலைல ஈயம் வச்ச குட்டி முள்ளு இருக்கும், இருக்கறதுலயே லேசானது. அதுல மாட்டி ஆதி கையில குடு. அடில விட்டு மெதுவா இழுத்து இழுத்து நிறுத்தச் சொல்லு.

முருகேசன் மாமா: என்னாச்சு

முருகேசன் மாமா: எலேய் ஒரு பதிலும் காணோம்

முருகேசன் மாமா: இங்க மணி பத்தரையாவுது, ஒங்க அத்தை போன வைக்கச் சொல்லுதா

செந்தில்: (புகைப்படம்)

செந்தில்: (குரல் பதிவு 0:48)

சாந்தா: ஐயோ எஞ்செல்லம்!!! கத்துறது தெருவுக்கே கேக்குது

செந்தில்: 15 இன்ச், ரெண்டு பவுண்டு இருக்கும். அந்தக் கிழிஞ்ச துண்டுலதான்ணே. ஆதி சும்மா ஏரித் தரைல போட்டுட்டு பிஸ்கட் தின்னுட்டு இருந்தான். அதுதான் சும்மா நிக்கிறதுன்னு இப்பதான் எனக்குப் புரியுது. அவனே கையால விட்டுட்டான்.

சாந்தா: விட்டுட்டானா? இவ்ளோ தூரம் போயி?

முருகேசன் மாமா: விடட்டும் சாந்தா. வெளிச்சத்துல நல்லா ஒரு போட்டோ போடு மாப்ளே, வாயி தெரியணும்

பிரபு: சபாஷ் ஆதி. அந்தத் துண்ட எடுத்து வை, இன்னும் ரெண்டு மீனுக்குத் தாங்கும்.

கவிதா: ஏரில இருந்து வீட்டுக்கு எடதுபக்கம் திரும்பணும் அத்தான். லொகேஷன்ல வலதுபக்கம் போகுது காரு. அங்க என்ன கடை இருக்குன்னு எனக்குத் தெரியாதா?

செந்தில்: ரப்பர் வளையம் மட்டும்தான்.

முருகேசன் மாமா: மாப்ளே கடைக்குத்தான் போறேன்னா தவளை ரெண்டு எடுத்துரு. ஒண்ணு பச்சை, ஒண்ணு கருப்பு. தீவாளிக்கு வரும்போது கொண்டா. கவிதாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்

கவிதா: மாமா, நான் குரூப்லதான் இருக்கேன்