டிஷ்வாஷரில் போட்ட இட்லித் தட்டெல்லாம் கறுத்துப்போச்சு, என்ன செய்யலாம்?

சத்துவாச்சாரிக்காரி:
பாஸ்பேட் இல்லாத பொடிக்கு மாறினோம். அதிலிருந்து இட்லித் தட்டு, குக்கர் எல்லாம் கறுத்துவிட்டது. தடவினால் விரலில் ஒட்டுகிறது. கண்ணாடி டம்ளரில் வேறு வெள்ளைப் படலம். வெள்ளிக்கிழமை வீட்டில் விசேஷம். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
குக்கர் அலுமினியமா, எவர்சில்வரா? போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? மெஷினில் தண்ணீரை மென்மையாக்கும் பகுதிக்கு உப்பு போடுகிறீர்களா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

பாகாயம்வாசி:
எல்லாம் தண்ணீர்தான் அக்கா. எங்கள் போரில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகளின் அளவு, 1,200 காட்டுகிறது. தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பாஸ்பேட் பிடித்து வைத்துக்கொள்ளும். அது இல்லையென்றால் பாத்திரத்தில்தான் படியும். பழைய பொடிக்கே மாறிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
இதை இங்கே எத்தனை முறைதான் எழுதுவது? தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். வெள்ளைப் படலம் வேறு, கறுப்பு வேறு. அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. காரத்தன்மை (அல்கலி) அதிகமான சூடான தண்ணீரில் அது கரையும், கீழே உள்ள உலோகம் கறுக்கும். பாஸ்பேட்டை எடுத்த இடத்தில் பல கம்பெனிகள் சோடியம் கார்பனேட்டைக் கூட்டின. அதுவும் காரம்தான். ஆனால் பாஸ்பேட் இருந்த பொடியிலும் அலுமினியம் கறுக்கும். பழைய பொடிக்கு மாறு என்பது தீர்வே இல்லை. அப்புறம், டிடிஎஸ் என்பது கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை அல்ல. சாதாரண உப்பு கரைந்திருந்தாலும் டிடிஎஸ் ஏறும்.

பாகாயம்வாசி:
பழைய பொடியில் எங்கள் வீட்டு டம்ளர் பளிச்சென்று இருந்தது. எனக்கு அது போதும்.

ஆம்பூர் அண்ணன்:
டிடிஎஸ் விஷயத்தில் வாத்தியார் சொன்னது சரி. பாலாற்றங்கரைப் போர்களில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) உப்பு இறங்கியிருக்கிறது. அதை, கடினத்தன்மையை மட்டும் குறைக்கும் சாஃப்ட்னர் எடுக்காது. அந்த உப்பில் உள்ள குளோரைடு அதிகமானால் எவர்சில்வரிலும் ஊசி குத்தியது போலப் புள்ளி விழும்.

காட்பாடி ஜங்ஷன்:
டேனரி கழிவே பாலாற்றில் போன ஊர் இது. இதில் பொடியில் பாஸ்பேட் எடுத்து யாருக்கு லாபம்? அமெரிக்காவில் 2010இல் 16 மாநிலங்கள் கட்டுப்பாடு கொண்டுவந்தன, ஐரோப்பாவில் 2017இல் வந்தது. அது அவர்கள் ஏரிக்காக.

ஆம்பூர் அண்ணன்:
அப்படிச் சொல்லாதீர்கள் தம்பி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்றது. நம் மாவட்டத்துக்காரர்கள் போராடி வாங்கிய தீர்ப்பு அது. சாக்கடை போய்ச் சேரும் ஏரியில் பாஸ்பேட் இறங்கினால் பாசி பெருகும், பாசி அழுகும்போது ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும். இங்குள்ள ஏரிக்கும் அதே கதைதான்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
கேட்டவர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்.

சத்துவாச்சாரிக்காரி:
குக்கர், தட்டு இரண்டும் அலுமினியம். போர் தண்ணீர். உப்பு தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னார், போடவில்லை. கல் உப்பு போடலாமா?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
கூடாது. கல் உப்பில் அழுக்கும் மக்னீசியமும் இருக்கும், அயோடின் சேர்த்த தூள் உப்பும் வேண்டாம். டிஷ்வாஷர் உப்பே வாங்கிப் போட்டு, தண்ணீரைச் சோதித்து அதற்கேற்ப மெஷினில் கடினத்தன்மை அளவை வையுங்கள். டம்ளரை வினிகரில் ஊற வையுங்கள். படலம் போனால் சுண்ணாம்பு. போகாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது, அது திரும்பாது. அலுமினியத்தை இனி மெஷினில் போடாதீர்கள். ஹார்டு அனோடைஸ்டு (ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக்கிய அலுமினியம்) கடாய் இருந்தால் அதையும்தான், மேற்பூச்சு போனால் போனதுதான்.

குடியாத்தம் சமையல்:
தட்டுகள் மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி, எலுமிச்சையளவு புளியைக் கரைத்து நன்றாகக் கொதிக்க விடுங்கள். இறக்கி ஆறியதும் தேங்காய் நாரால் தேயுங்கள். குக்கருக்குள்ளும் அதே போலச் செய்யலாம், மூடியும் வெயிட்டும் போடாமல்.

சத்துவாச்சாரிக்காரி:
தட்டு வெளுத்துவிட்டது. குக்கரில் அடி மட்டும் இன்னும் கறுப்பு. டம்ளர் வினிகரில் தெளிந்தது. உப்பு ஆர்டர் போட்டாயிற்று. எல்லாருக்கும் நன்றி.

பாகாயம்வாசி:
குக்கர் அடிக்கு இன்னொரு முறை புளி போடுங்கள் அக்கா.