பெஞ்சில் உட்கார்ந்த 52 நாள்: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

மெக்கானிக்கல் படித்துவிட்டு, கேம்பஸில் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காகவே ஐ.டி.க்குப் போனவன் நான். 2011. சென்னை சிறுசேரி சிப்காட்டில் ஒரு ஊர் அளவுக்கு அலுவலகம். கம்பெனிப் பேர் வேண்டாம். மூன்று மாதம் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜாவாவைவிடக் கஷ்டமாக இருந்தது, அப்பா வயது மேனேஜரை 'சார்' போடாமல் பேர் சொல்லிக் கூப்பிடுவது. பேரை முழுங்கிவிட்டு "ஒரு டவுட்..." என்று ஆரம்பித்தே ஆறு மாதம் ஓட்டினேன்.

பயிற்சி முடிந்ததும் பெஞ்ச். புராஜெக்ட் இல்லாமல் சம்பளம் வாங்கும் காலத்துக்கு அதுதான் பேர். இருக்கை கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, ஒன்பது மணி நேர ஸ்வைப் கணக்கு மட்டும் உண்டு. காலையில் கம்பெனி பஸ்ஸில் இறங்கினால் லைப்ரரி, ஃபுட் கோர்ட், மறுபடி லைப்ரரி. முதல் பத்து நாள் சொர்க்கம். முப்பது தாண்டியதும், வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்று வயிற்றில் புளி கரைந்தது. எட்டுப் பேராகச் சாப்பிட்ட மேசையில் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினோம். ஊரிலிருந்து அம்மா போனில் "அப்படி என்னப்பா வேலை?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர்லதான்மா" என்று பேச்சை மாற்றுவேன்.

52ஆம் நாள் ஆர்.எம்.ஜி.யிலிருந்து (யாரை எந்தப் புராஜெக்டில் போடுவது என்று பார்க்கும் பிரிவு) அழைப்பு. "ஜாவாதானே? மெயின்ஃப்ரேம் இருக்கு, ஓகேவா?" மெயின்ஃப்ரேம் என்றால் பெரிய நிறுவனங்கள் கணக்கு ஓட்டும் பெரிய கம்ப்யூட்டர். ஓகே தவிர வேறு பதில் இருக்கிறதா என்ன. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கோபால் புரோகிராம்கள் (ஆள் பேர் இல்லை, இதுவும் கம்ப்யூட்டர் மொழி). கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. சில புரோகிராம்கள் எனக்கு மூத்தவை. பழகிவிட்டது, பிடித்தும்விட்டது.

ஒரு வருடம் கழித்து டீம் லீட் அவசரத்தில் தப்பான எக்செல்லை எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். கிளையண்டுக்குப் போகும் பில். என் பேரைத் தேடினேன், இல்லை. நான் பார்த்த வேலை 'ஆஃப்ஷோர் ரிசோர்ஸ் 4' (இந்தியாவிலிருந்து வேலை பார்க்கும் நாலாவது ஆள்) என்ற வரிசையில் இருந்தது. மணிக்கு 22 டாலர், மாதம் 160 மணி. அன்றைய டாலர் விலைக்கு ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு மேல். என் கைக்கு வந்தது 20,000 சொச்சம். லீடிடம் போய் நின்றேன். சிரித்தார். "பார்க்காத மாதிரி இரு தம்பி. பஸ், பில்டிங், சேல்ஸ் ஆள் எல்லாம் அதுலதான். நீ பெஞ்சுல 52 நாள் சாப்பிட்டியே, அது வேற எவனோட பில்லு?" இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. கோபமும் முழுதாகப் போகவில்லை.

பின்னூட்டங்களிலிருந்து:

நைட் ஷிஃப்ட் அக்கா: நான் புரொடக்‌ஷன் சப்போர்ட், அதாவது கிளையண்டின் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. இரவு வண்டியில் செக்யூரிட்டி கூட வருவார், கடைசியாக இறங்குவது பெண்ணாக இருந்தால் வீட்டு வாசல்வரை. அந்த ஒன்றில் குறை சொல்ல மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் தரைத்தளம் மூழ்கியது. மூன்றாம் நாள் டீமையே பஸ்ஸில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்பினார்கள், கிளையண்டின் மாதக் கணக்கு நிற்கக்கூடாதாம். இரண்டு செட் துணி, மாமியார் வீட்டில் விட்ட பையன், அங்கே ஹோட்டல் அறையில் லேப்டாப். கிளையண்டுடன் முதல் போன் காலில் "எல்லாரும் பத்திரமா?" என்று கேட்டார்கள். அடுத்த மூச்சில், ஜாப் (கம்ப்யூட்டரில் ஓடும் கணக்கு) எத்தனை மணிக்கு முடியும் என்றார்கள். நானும் நேரம் சொன்னேன்.

பழைய பெருச்சாளி: 2017இல் என்னை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, நீங்களே ராஜினாமா செய்தால் அனுபவக் கடிதம் சுத்தமாக வரும் என்றார்கள். பெல் கர்வில் (ஊழியர்களைத் தட்டுத் தட்டாகப் பிரித்து மதிப்பிடும் முறை) கடைசித் தட்டில் யாரையாவது போட்டே ஆக வேண்டும், அந்த வருடம் நான். பயத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டேன். ஐ.டி. ஊழியர் சங்கம் வைக்கலாம் என்று 2016லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியிருந்ததை அப்புறம்தான் படித்தேன். அன்று ஒரு நாள் டைம் கேட்டிருக்கலாம்.

நெசவாளி மகன்: எல்லாரும் திட்டுகிறீர்கள், சரி. அம்மாவின் பைபாஸுக்கு ஆன செலவில் பெரும்பகுதி கம்பெனி இன்சூரன்ஸில் போனது. அப்பா தறிக்கு வாங்கிய கடன் நாலு வருடத்தில் அடைந்தது. ரிசோர்ஸ் 4 என்றாலும் எனக்குச் சம்மதம்தான் அண்ணே.

புதுசு: நான் இப்போது பெஞ்சில் 41ஆவது நாள். ஆர்.எம்.ஜி. கூப்பிட்டால் என்ன கேட்க வேண்டும்?

நைட் ஷிஃப்ட் அக்கா: எந்த டெக்னாலஜி என்று அப்புறம் கேள். முதலில் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு என்று கேள் தம்பி.