கடற்கரை மணலில் கூடாரத்தின் முளைகள் நிற்கவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி (சத்துவாச்சாரி, வேலூர்):
அனைவருக்கும் வணக்கம். ஏலகிரியின் கெட்டித் தரையில் எந்தத் தொல்லையும் தராத எங்கள் நால்வர் கூடாரத்தை, அண்மையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு தங்குமிடத்தின் கடலோர மணலில் அடித்தோம். மாலையில் காற்று வலுத்ததும், கூடாரத்துடன் வந்த கம்பி முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. திரும்ப அடித்தாலும் வெண்ணெயில் குத்திய கத்திபோல் வந்துவிட்டன. விடியற்காலையில், மழை ஒரு சொட்டும் இல்லாதபோதே, உட்புறத் துணி நனைந்து போர்வையெல்லாம் ஈரமாகியிருந்தது. வாசல் ஜிப்பும் பாதியில் சிக்கிவிட்டது. வரும் மாசி மகத்தன்று பெற்றோரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் அங்கே ஓர் இரவு தங்க எண்ணியிருக்கிறோம். கூடாரத்தையே மாற்ற வேண்டுமா, அல்லது இதைக்கொண்டே சமாளிக்கலாமா?

பதில் (வாலாஜாப்பேட்டை):
கூடாரத்தை மாற்ற வேண்டாம் ஐயா, முளையை மறந்துவிடுங்கள். கெட்டி மண் முளையை நாற்புறமும் இறுக்கிப் பிடிக்கும். உலர்ந்த மணலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது என்பதால், மெல்லிய கம்பியை எவ்வளவு ஆழமாக அடித்தாலும் பயன் குறைவுதான். அதற்குப் பதிலாக வலுவான துணிப்பைகளில் மணலை நிரப்பி, வாயைக் கூடாரத்தின் இழுகயிற்றால் கட்டி, முழங்கால் ஆழக் குழியில் படுக்கவைத்து மூடுங்கள். மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் காலால் நன்றாக மிதித்துவிட்டால், மேலே கிடக்கும் மணலின் எடை முழுவதும் பையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பை இல்லையென்றால் ஒரு முழ நீளக் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டிக் கிடைமட்டமாகப் புதைத்தாலும் போதும். கயிறு குழியிலிருந்து செங்குத்தாக எழாமல் சாய்வாக வர வேண்டும் என்பது முக்கியம். அதற்காகக் கூடாரத்தின் பக்கமாக ஒரு சிறு வாய்க்கால் கீறிவிடுங்கள். புறப்படுவதற்கு முன் பாலாற்றில் (மணல் மிச்சமிருக்கும் இடமாகப் பார்த்து!) ஒருமுறை அடித்துப் பாருங்கள். கயிற்றை முழு பலத்துடன் இழுத்தும் பை அசையவில்லை என்றால் சரியாகப் புதைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

பதில் (காட்பாடி):
உள்ளே ஈரம் வந்தது ஒழுக்கினால் அன்று. நான்கு பேர் மூச்சுவிடும் ஈரக்காற்று, இரவில் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதியாதலால் ஏலகிரியைவிட அங்கே இது கூடுதலாகத் தெரியும். காற்றுக்குப் பயந்து எல்லாத் திறப்புகளையும் மூடியிருப்பீர்கள் என நினைக்கிறேன். எதிரெதிரான இரண்டு திறப்புகளையாவது வலையுடன் திறந்து வையுங்கள். வெளித்துணி உள்துணியைத் தொடாதபடி இழுத்துக் கட்டுங்கள். பகலில் கடலிலிருந்து வீசும் காற்று, இரவு ஏறியபின் பெரும்பாலும் கரையிலிருந்து திரும்பி வீசும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தைவிட வெளியே நீண்டிருந்தால், பனிநீர் அதில் வழிந்து உங்களுக்கு அடியிலேயே தேங்கும். ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள்.

பதில் (ஆற்காடு):
பயண நாளை மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். மாசி மகத்தை ஒட்டி, நம் வடாற்காட்டுப் பக்கத்திலிருந்தும் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் திரண்டு, மணலிலேயே கம்பு ஊன்றிச் சேலையும் தார்ப்பாயும் கட்டித் தங்கிக் கன்னியம்மனை வழிபடுவார்கள்; திருமணங்களும் நடக்கும். அது அவர்களுடைய திருநாள். சுற்றுலாக் கூடாரத்துக்கு ஏற்ற நேரமாக எனக்குத் தோன்றவில்லை. மேலும் பௌர்ணமியை ஒட்டிக் கடலேற்றம் அதிகம். எந்த நாளில் போனாலும், காய்ந்த பாசியும் சிப்பியும் வரிசையாகக் கிடக்கும் கோட்டுக்கு நன்றாக மேலே கூடாரம் அடியுங்கள். தண்ணீர் எட்டிய எல்லையை அந்தக் கோடே காட்டிவிடும். பொதுக் கடற்கரையில் இரவு தங்குவதைக் காவல்துறையினர் தடுக்கக்கூடும் என்பதால், இம்முறையும் தங்குமிடத்தாரின் இடத்திலேயே இருப்பது நல்லது. மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். எனவே கடலை நோக்கி விளக்கு அடிக்காதீர்கள். நெருப்பும் மூட்ட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. மாசி மகத்துக்கு அடுத்த வாரத்துக்குப் பயணத்தைத் தள்ளிவைக்கிறோம். ஜிப்புக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில் (வாலாஜாப்பேட்டை):
எண்ணெய் வேண்டவே வேண்டாம். அடுத்த முறை மணல் முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும். பழைய பல் தூரிகையால் பற்களுக்கு இடையிலுள்ள மணலைத் தட்டிவிட்டு, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பின்பு மெழுகுவர்த்தியை இரு புறமும் தேய்த்து, ஜிப்பை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். அப்போதும் சிக்கினால் ஓடும் பகுதி உப்பில் அரித்திருக்கும். அதை மட்டும் பை தைப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.