டேப்பர் மரத்தைத் தட்டுறாரா, வெட்டுறாரா?

தோட்டத்துக்காரி:
மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு டியூஷன் தாளில், ஆங்கில 'டேப்' (tap) என்றால் தட்டு, 'ரப்பர் டேப்பர்' என்றால் மரத்தைத் தட்டிப் பால் எடுப்பவர்னு போட்டிருக்கு. பால்மரம் சூழ்ந்த ஊரில் இப்படியா சொல்லிக்கொடுப்பது? தட்டினால் ஒரு சொட்டு வராது. மேலே இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் சாய்வாக இறக்கிப் பட்டையைச் சீவணும். ஒரு தடவைக்குச் சீவல் தடிப்பு ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டக்கூடாது. ஆழம் போனால் மரம் முண்டு கட்டும், அப்புறம் அங்கே கத்தி ஓடாது. அதுக்குப் பேர் பால்வெட்டு.

சொல்லேணி:
அக்கா, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒரு பொருள் போதும். தோளைத் தட்டு, பஸ்ஸில் அட்டையைத் தட்டு. கத்தியும் தட்டிக்கிட்டுத்தானே போகுது?

தோட்டத்துக்காரி:
கத்தி தட்டாது, சீவும்! எழுத்து ஒன்று, சொல் இரண்டு. தட்டுற 'டேப்' பிரெஞ்சு வழி வந்தது. மற்றது பழைய ஆங்கிலத்தில் பீப்பாய்த் துளையை அடைக்கிற முளை. பிடுங்கினால் உள்ளே இருப்பது வடியும். தண்ணீர்க்குழாய், பால்வெட்டு, போன் ஒட்டுக்கேட்பது எல்லாம் அதன் கிளை. ஆணிவேர் 'டேப்ரூட்'டும் அந்த முளைதான். அகராதியில் 1, 2 என்று தனித்தனியாகப் போட்டிருப்பான். மலாய் மொழியிலும் மரத்துக்கு 'தோரே', கீறுவது. தட்டுவதைச் சொல்லும் 'கெத்தோக்' இல்லை.

நன்னூலான்:
முதலில் 'ரப்பர்' தவறு. ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. 'இரப்பர்' என்று எழுதுங்கள்.

தோட்டத்துக்காரி:
இரப்பர்னா பிச்சை கேட்பவர். பால்வெட்டுக்காரரை அப்படி எழுதச் சொல்றீங்களா?

நன்னூலான்:
இலங்கையில் 'இறப்பர்' என்றே எழுதுகிறார்கள். பேச்சை மாற்றாதீர்கள்.

சொல்லேணி:
ஐயா, அதுக்குத் தனி விவாத இழை திறங்க. அக்கா, பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? அதைச் சொல்லுங்க.

தோட்டத்துக்காரி:
பின்னால் 'ஆன்' (on) வந்தால் பெரும்பாலும் தட்டுவது. மரமோ பீப்பாயோ போனோ நேரே வந்தால் உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. 'டேப்பர்' எழுத இரண்டு 'பி'. ஒன்றை விட்டால் மெழுகுத்திரி ஆயிடும்.

சொல்லேணி:
'டேப் யுவர் கார்ட்' என்பதில் 'ஆன்' எங்கே?

தோட்டத்துக்காரி:
அதனால்தான் பெரும்பாலும்னு சொன்னேன். அட்டைக்குள்ளே வடிய என்ன இருக்கு? அதைக் கேட்டால் பிள்ளைக்குப் புரியும்.

சொல்லேணி:
பணம் வடியுதே!

தோட்டத்துக்காரி:
பணம் போவது தொட்ட பிறகு. செய்கை தொடுவதுதான். பால்மரத்தில் செய்கை வெட்டு. தாளைத் திருத்தச் சொல்லுங்க.

சொல்லேணி:
தட்டுதான். தாள் அப்படியே இருக்கட்டும்.

நன்னூலான்:
'இழை' அல்ல, 'திரி'.